அக்காவின் கையில் நின்றுபோன சத்தம்

அந்த வருடம் காலையில் எழுந்ததும் என் முதல் வேலை அக்காவின் இடது மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்பது. பல் துலக்குவதற்கும் முன்னால். அவள் பாயில் படுத்தபடியே கையை நீட்டுவாள். நான் குனிந்து காதை ஒட்டுவேன். தோலுக்கு அடியில் ரத்தம் குர்ரென்று ஓடும். "பக்கத்து ரூம்ல யாரோ தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி கீது, இல்ல?" என்பாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன சென்டரில் டயாலிசிஸ். ரத்தத்தை மெஷினுக்கு இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப, சாதாரண நரம்பு தாங்காது. அதனால் மணிக்கட்டில் கீறி ஒரு தமனியையும் ஒரு சிரையையும் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த இணைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அந்தச் சத்தம்தான். தினமும் கேளுங்கள், நின்றுபோனால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் சத்தம் இல்லை. காதை மாற்றி வைத்துப் பார்த்தேன். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்து அது போகும்வரை காத்திருந்தேன். லாரி போனது. தெரு அடங்கியது. அக்காவின் கை என் கன்னத்துக்குக் கீழே சும்மா கிடந்தது.

"இன்னாடி?" என்றாள்.

"ஒண்ணியும் இல்ல. லாரி சத்தம்."

அவள் வலது கையால் தானே தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம், பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோல, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். "அதுங்க வந்து புடிச்சிகிச்சிடி. மூணும்."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். சமையல்கட்டில் இருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும். பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது.

அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் அதிகம். பஸ்ஸில் இடித்தவனைப் பெயர் கேட்டுத் திட்டுகிற ரகம். இருபத்திரண்டு வயதில் எண்ணூரில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்கு இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் அவருடைய அம்மா பேசும்போது தரையைப் பார்ப்பவர்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆறாம் மாதம் வரை வந்தது. அப்போது அவள் முகமும் காலும் வீங்கி, செருப்பு போட முடியாமல் இருந்தாள். பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று மட்டும் அவளிடம் சொன்னார்கள். அவள் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு மாமியார் அவளைக் கத்திவாக்கம் பக்கம் ஒரு ஆளிடம் இட்டுக்கொண்டு போனார். அவன் வேப்பிலையால் அவளை அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, "பொறக்காம போன மூணும் இவள சுத்திக்கினு கீது. அடுத்தத்தயும் விடாது" என்றானாம். அன்றிலிருந்து மாமியார் அவளைச் சமையலறைக்குள் விடவில்லை. ஒரு வருடத்துக்குள் மாமா தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தார். கோர்ட், விவாகரத்து எதுவும் இல்லை. அக்கா ஒரு பையுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தாலியைத் தானே கழற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தாள்.

அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். அங்கே எல்லோருக்கும் கதை தெரியும். அம்மா வீட்டை மாற்றினாள். ராயபுரத்துக்கு வந்ததும், புதுத் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "பெரியவளுக்கு இன்னும் கண்ணாலம் ஆவல" என்றாள். அக்கா மறுக்கவில்லை. எனக்கும் அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

சிறுநீரகம் போனது அடுத்த வருடம். மறுபடி முகம் வீங்கியது. வாந்தி. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, பிரஷரால் இருக்கலாம், காரணம் உறுதியாகத் தெரியவில்லை, டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். டிரஸ்ட் சென்டரில் சேர்க்கும் நாளில் எங்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன். பெயர், வயது, முன்பு இருந்த நோய்கள். திருமணம் என்ற கட்டம் வந்தபோது பேனா நின்றது. அம்மா என் தோளுக்குப் பின்னால் இருந்து, "ஆவலன்னு எழுது" என்றாள். எழுதினேன். கல்யாணம் ஆகாதவள் என்றால் அடுத்த இரண்டு கட்டங்களுக்கு வேலை இல்லை. கர்ப்பம் எத்தனை, குழந்தை எத்தனை. இரண்டிலும் ஒரு கோடு இழுத்தேன்.

எனக்கு அப்போது துறைமுகம் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான். ஒரு கட்டத்தில் தப்பு இருந்தால் சரக்கு கப்பலேறாமல் ஷெட்டில் கிடக்கும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். அதெல்லாம் தெரிந்தவள்தான் அந்தக் கோட்டை இழுத்தேன்.

மணிக்கட்டில் செய்தது நின்றுபோனதும், கழுத்தில் ஒரு குழாய் வைத்து டயாலிசிஸ் தொடர்ந்தது. அடுத்ததாக இடது முழங்கை மடிப்பில் மறுபடி இணைப்பு போட வேண்டும். அதற்கு முன் ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று ஒரு சோதனை செய்தார்கள். குழாயில் எடுத்த ரத்தம், சாதாரணமாக ஆகவேண்டிய நேரத்தைவிட மெதுவாக உறைகிறது என்று வந்தது. அப்படியானால் ரத்தம் நீர்த்திருக்கிறது, நிற்காமல் கொட்டிவிடும் ஆபத்து உண்டு என்று ஆபரேஷன் செய்தவர் எச்சரித்தார். டயாலிசிஸ் ஓடும்போது ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் ஊசியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தார்கள்.

ஆனால் மெஷினில் நடந்தது வேறு. அங்கே டெக்னீஷியனாக ஒருவர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அண்ணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு நாள் டயாலிசிஸ் பாதியில் அவர் மெஷினை நிறுத்தி, ரத்தம் ஓடும் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இழைகளுக்குள் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"ரிப்போர்ட்ல உறையாதுன்னு போட்டிருக்கு. இங்க பாரும்மா, பில்டர் முழுக்க அடைச்சுக் கெடக்கு" என்று என்னிடம் காட்டினார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ரத்தத்தை நான் பாக்கல."

அக்கா கட்டிலில் இருந்தபடி அந்தப் பில்டரைப் பார்த்தாள். "மூணு கோடு தெரியுது பாரு" என்றாள் என்னிடம் மெதுவாக. நான் எண்ணவில்லை. கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அவள் பயந்து கத்துவதோ அழுவதோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் அவள் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். போர்வையை இழுத்து விடப் போனால், "அங்க குந்தாத, எடம் இல்ல" என்பாள். ஒரு தடவை நான் வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு அந்தக் கால்மாட்டில் நான் உட்காரவில்லை.

முழங்கையில் போட்டது நல்ல சத்தத்தோடு ஓடியது. முன்னதைவிடப் பலமாக. காதை வைக்க வேண்டியதே இல்லை. கையை வைத்தாலே உள்ளங்கை அதிரும். ஆறு வாரம் தாண்டிவிட்டால் ஊசி குத்தலாம், கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் சென்டருக்கு ஒரு புது டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். மற்ற டாக்டர்கள் ஃபைலை நின்றபடி புரட்டுவார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மெதுவாக உறைகிறது என்ற ரிப்போர்ட்டையும் அடைத்துப்போன பில்டர்களைப் பற்றி அண்ணா எழுதி வைத்திருந்த குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார்.

"கால் எப்பவாவது ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சிருக்கா? மூச்சுத் திணறல்? குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல பக்கவாதம்?"

இல்லை என்றோம். அவர் படிவத்தைப் பார்த்தார். நான் நிரப்பிய அதே படிவம். "கல்யாணம் ஆகியிருந்தா இன்னொண்ணும் கேட்டிருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"இன்னாது அது?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கர்ப்பம் தங்காம போயிருக்கான்னு. திரும்பத் திரும்ப."

அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. அழுத்தவில்லை. சும்மா பிடித்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சுற்றி நான்கு கட்டில்கள் இருந்தன. அதில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். நாங்கள் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அந்த டாக்டருகிட்ட மெய்ய சொல்லிடலாம்மா."

"போனது போச்சு. அத்த கிளறி இன்னா ஆவப் போது? கைதான் இப்ப நல்லா ஓடுதே" என்றாள் அம்மா. "அந்தப் பேச்ச எடுத்தா அவ இன்னும் பேஜாராயிடுவா."

கை நல்லா ஓடுதே என்பது எனக்கும் வசதியாக இருந்தது. அடுத்த டயாலிசிஸ் நாளில் டாக்டரம்மா இல்லை. அதற்கடுத்த நாள் எனக்கு ஆபீசில் கப்பல் வேலை. இப்படியே ஐந்து நாள் போனது.

ஆறாம் நாள் காலையில் அக்கா என்னை எழுப்பினாள். வழக்கமாக நான்தான் அவளை எழுப்புவேன். "தொடு" என்றாள். தொட்டேன். முழங்கை மடிப்பு கயிறு மாதிரி கெட்டியாக இருந்தது. அதிர்வு இல்லை. எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியவில்லை.

நான் ஆபீசுக்குப் போகவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. நேராக சென்டருக்குப் போய் டாக்டரம்மா வரும்வரை வாசலில் நின்றேன். அவர் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கும்போதே சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆனது, மூன்று கர்ப்பம், மூன்றும் போனது, வீக்கம், வலிப்பு, படிவத்தில் எழுதியது நான் என்பது எல்லாவற்றையும். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "முதல்ல ரத்தம் எடுக்கலாம், வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று எடுத்த ரத்தம் நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய லேபுக்குப் போனது. ஒரு தடவை பார்த்தால் போதாது என்று ஒன்றரை மாதம் கழித்து மறுபடி எடுத்து அனுப்பினார்கள். இரண்டிலும் ஒரே பதில் வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார்.

"கிருமி வந்தா அதை எதிர்க்கறதுக்கு நம்ம ரத்தம் ஒரு பொருளைச் செய்யும். ஆன்ட்டிபாடின்னு சொல்வோம். சில பேர் உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு, தனக்கு எதிராவே அதைச் செஞ்சுக்கும். உங்க அக்கா ரத்தத்துல அது இருக்கு. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. கண்ணாடிக் குழாய்ல வச்சுப் பார்த்தா ரத்தம் மெதுவா உறையற மாதிரி காட்டும். ஆனா உடம்புக்குள்ள நேர்மாறு. சீக்கிரமா கட்டிக்கும். நாங்க குழாயை நம்பி ஊசியைக் குறைச்சோம்."

"அப்ப இனிமே?"

"ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தரலாம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். வலது கையில இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். இந்தத் தடவை மருந்தோட."

நான் கேட்க வந்தது அதுவல்ல. "அந்த மூணு கொயந்தைங்க போனதுக்கும் இதான் காரணமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "இருக்கலாம். இந்த ஆன்ட்டிபாடி இருக்கறவங்களுக்குக் கர்ப்பம் அப்படிப் போறது உண்டு. கிட்னியையும் கெடுக்கும். ஆனா இன்னொண்ணும் இருக்கு. கிட்னி கெட்டு மெஷின்ல இருக்கற பல பேரு ரத்தத்துலயும் இதைப் பார்க்கறோம். நோயால வருதா, டயாலிசிஸால வருதான்னு சரியா தெரியல. உங்க அக்காவுக்கு அப்பவே இருந்துதா, இல்ல மெஷினுக்கு வந்தப்புறம் வந்துதான்னு நான் எப்படிச் சொல்றது? அப்ப யாரும் எடுத்துப் பார்க்கலியே. ஆமான்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா எனக்குத் தெரியாது."

சென்டரிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அன்று நான் காசிமேடு வரை சுற்றிக்கொண்டு போனேன். கடல் அரிக்காமல் கொட்டியிருந்த பாறைகள் மேல் வலை காயப்போட்டிருந்தார்கள். அங்கே நின்று முடிவெடுத்தேன். அக்காவிடம் "இருக்கலாம்" என்று சொல்லப்போவதில்லை. கத்திவாக்கத்து ஆள் உறுதியாகச் சொன்னான். நானும் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "டாக்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. உன் ரத்தத்துல ஒரு கோளாறு கீது. அதான் கையில கட்டிகிச்சி. அதேதான் வயித்துலயும் கட்டிகிச்சி. கொயந்தைக்குப் போற ரத்தத்த நிறுத்திடிச்சி. மூணுக்கும் அதான் காரணம். பேயும் இல்ல ஒண்ணியும் இல்ல. யாரும் உன்ன சுத்தல. அதுங்க உன்ன புடிக்கல."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "டாக்டரம்மா மெய்யாலுமே அப்படி சொன்னாங்களா?"

"ஆமா."

முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அவள் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், தழும்பு இருந்த கையையும் இல்லாத கையையும்.

"அப்ப அதுங்க என்ன புடிக்கல" என்றாள். "நான்தான் அதுங்கள புடிச்சிகீறேன்."

"அய்யே, நான் அப்படியா சொன்னேன்?"

"என் ரத்தம்தானடி அது. அதுங்க ஒண்ணியும் பண்ல. உள்ள வந்து குந்தின்னு இருந்துதுங்க, பாவம். நான் கழுத்த நெரிச்சிகீறேன், எனக்கே தெரியாம." அவள் குரல் ஏறவில்லை. "இத்தினி நாளா அதுங்கள போ போன்னு தொரத்திகினு இருந்தேன்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். டாக்டருக்கே தெரியாது, அப்படி உறுதியாகச் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துச் சொன்னேன் என்று. சொன்னால் அவள் மறுபடி கத்திவாக்கத்து ஆளிடமே போய்விடுவாள் என்று பயந்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

வலது கையில் மூன்றாவது இணைப்பு போட்டார்கள். மாத்திரையோடு. அது அடைக்காமல் ஓடியது. அண்ணா ஒவ்வொரு தடவையும் பில்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். இழைகள் சுத்தமாக இருந்தன. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். அக்காவுக்குப் பசி வந்தது. கீரை மட்டும் கூடாது, மாத்திரையைக் கெடுக்கும் என்றார்கள். வேறு எதற்கும் அவள் குறை சொல்லவில்லை.

ஆனால் கால்மாட்டில் இடம் விடுவதை அவள் நிறுத்தவில்லை. முன்பு பயந்து ஒதுங்கியவள், இப்போது தானே காலை மடக்கிக்கொண்டாள். ஒரு தடவை தூக்கத்தில் அவள் போர்வையின் நுனியை அந்தப் பக்கமாக இழுத்துவிடுவதைப் பார்த்தேன்.

ஒரு நாள், "மாமாவ ஒரு தபா வர சொல்றியா?" என்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் ஃபவுண்டரி வாசலில் போய் நின்று மாமாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். முடி நரைத்திருந்தது. அவருக்கு அதற்குள் ஒரு பையன். அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தாள். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருந்தும் கடைசி வரி வரை பார்த்தார்.

"கடைசியா பொறந்துச்சே, அத்த எங்க பொதச்சே?" என்று கேட்டாள். "நான் பாக்கணும்."

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம், "எண்ணூர் கழிமுகம் பக்கம்" என்றார்.

மூன்று பேரும் ரயிலில் போனோம். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. ஆற்று முகத்துக்கு முன்னால் இறங்கி நடந்தோம். பகல் பதினொரு மணி. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. சாம்பல் தண்ணீர் கொண்டுபோகும் தடிமனான குழாய்கள் ஓரிடத்தில் கசிந்து, மண் சிமென்ட் நிறத்தில் இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். மூச்சு வாங்கியது. மாமா முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போய் நின்றார். கடைசியில் ஒரு வேலிக்காத்தான் புதரைக் காட்டினார்.

"இங்கதான்."

அக்கா அங்கே உட்கார்ந்தாள். மண்ணைக் கையால் தொட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். அவளே தைத்த ஒரு சின்னக் கவுன், வெள்ளைத் துணி, கழுத்தில் முனை வளைந்த பீட்டர் பேன் காலர். அதைப் புதருக்குக் கீழே வைத்து மேலே ஒரு கல்லை வைத்தாள். மாமா வேறு பக்கம் திரும்பி நின்றார். திரும்பி வரும்போது ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அக்கா அதற்குப் பிறகு நான்கு வருடத்துக்கு மேல் இருந்தாள். அந்த வருடங்களில் சிரித்தாள், சண்டை போட்டாள், தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்காமல், மூன்றாம் நாள் பிற்பகல் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். ரத்தம் உறைந்ததாலும் இல்லை, உறையாததாலும் இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, அதை மட்டும் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

காரியம் முடிந்த அன்று மாமா வந்திருந்தார். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போன பிறகும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். நான் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எண்ணூர்ல நான் காட்டின எடம்" என்றார். "அங்க ஒண்ணியும் இல்லம்மா. நான் பொதைக்கவே இல்ல. ஆஸ்பத்திரில ஆயாம்மா ஒரு துணில சுத்திக்கினு வந்து, எட்த்துனு போறியா, நாங்களே பாத்துக்கட்டுமான்னு கேட்டாங்க. நீங்களே பாத்துக்கங்கன்னுட்டேன். தொறந்துகூட பாக்கல. பயமா இருந்துச்சி. அவ கேக்க சொல்லோ எனக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல. அந்தப் பொதரு மொத மொத கண்ல பட்டுது."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்னதையும் நான் அக்காவிடம் மாற்றிச் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அவர் முழுவதும் கேட்டார். "அப்ப அந்த ரத்தக் கோளாறு காரணமா இல்லாமலும் இருந்திருக்கலாம்ன்ற."

"இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் மாமா. யாருக்கும் தெரியாது."

டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "அந்த கவுனு இன்னும் அங்கயே கீது" என்றார். "வேலைக்குப் போ சொல்லோ சில நாள் அந்தப் பக்கமா சுத்திக்கினு போவேன். சாம்பல் விழுந்து கறுத்துப் போச்சு. காத்துல போயிடப் போதுன்னு நான்தான் இன்னும் ரெண்டு கல்ல எட்த்து வச்சேன்."

அம்மா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்து போவதற்குள் மாமா தெருமுனை தாண்டிவிட்டார்.